நிமிடத்துக்கு எத்தனை என்று கேட்டால் போதுமா?

இருவரின் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணுகிறோம். இருவருக்கும் 75 துடிப்பு. ஒருவருக்கு ஏறக்குறைய 0.8 விநாடிக்கு ஒருமுறை துடிப்பு வருகிறது. மற்றவருக்கு 0.5, 1.1, 0.6, 1.0 விநாடி என்று தாறுமாறாக வருகிறது. சராசரி பார்த்தால் இவருக்கும் அதே 0.8தான், ஆகவே எண்ணும் அதே 75தான். ஆனால் முதலாமவர் கவலையின்றி வீட்டுக்குப் போகலாம். இரண்டாமவருக்கு ஈசிஜி எடுத்தே ஆக வேண்டும். அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் ஒழுங்கற்ற துடிப்பாக இருந்தால் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வு 1991-லேயே காட்டிவிட்டது. 75 என்ற எண்ணுக்குள் இந்த வேறுபாடு எங்கும் தெரியாது. இசையிலும் இதே நிலைதான். ஒரே கிருதியை இருவர் ஒரே வேகத்தில் பாடியதாகச் செயலி காட்டும். ஒருவர் பாட்டில் தாளம் நிற்கும், மற்றவர் பாட்டில் ஓடியும் இழுத்தும் தடுமாறும். இன்று நம் மணிக்கட்டிலும் கைப்பேசியிலும் ‘நிமிடத்துக்கு இத்தனை’ என்ற எண் கொட்டிக் கிடக்கிறது. துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கவனிக்கும் பழக்கமோ குறைந்துகொண்டே வருகிறது. உடலைப் பற்றியும் இசையைப் பற்றியும் எண் சொல்வதைவிட அந்த இடைவெளி சொல்வது அதிகம் என்பதே என் வாதம்.

கடிகாரம் இல்லாத காலத்தில் நாடியும் இசையும் ஒன்றை ஒன்று அளந்துகொண்டன. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹெரோஃபிலஸ் என்ற மருத்துவர் நீர்க்கடிகாரத்தை வைத்து நாடி பார்த்தார் என்று பண்டைய குறிப்புகள் சொல்கின்றன. ஆனால் நாடியின் நடையை விளக்குவதற்கு அவர் நாடியது கிரேக்கச் செய்யுளின் குறில் நெடில் கணக்கை. இத்தாலியின் கஃபூரியஸ் 1496-இல் எழுதிய இசை நூலில், அமைதியாக மூச்சுவிடும் மனிதனின் நாடியே இசைக்கு அளவுகோல். பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக்குக்குப் புல்லாங்குழல் கற்பித்த குவான்ட்ஸ், 1752-இல் வெளியிட்ட நூலில், ஆரோக்கியமான மனிதனின் நாடியை நிமிடத்துக்கு 80 என்று கொண்டு அதிலிருந்து ஒவ்வொரு வகை இசைக்கும் வேகம் வகுத்துத் தந்தார். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் பிரான்ஸின் நான்சி நகர மருத்துவர் மார்க்கே இதை அப்படியே திருப்பிப் போட்டார். மினுவெட் நடனத்தின் நடையை வைத்து நாடியை அறிய இசைக்குறிகளால் ஒரு முறை எழுதினார். நம்மிடம் தொல்காப்பியம் எழுத்தின் கால அளவுக்குக் கண் இமைப்பதையும் விரல் நொடிப்பதையும் சான்றாக வைக்கிறது. இவர்கள் எல்லோரும் அளவைத் தேடியது உடம்பில்தான். அந்த அளவு ஆளுக்கு ஆள் மாறும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

இயந்திர அளவு வந்தபோது கிடைத்த லாபம் பெரியது. அதை மறுப்பவர்கள் மருத்துவ வரலாற்றை அறியாதவர்கள். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதுவாவின் சாந்தோரியோ ஒரு நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, அதன் ஆட்டம் நோயாளியின் நாடியோடு ஒத்துப்போகும்வரை நூலை நீட்டியும் குறுக்கியும் பார்த்தார். அவருக்குக் கிடைத்த விடை ‘நிமிடத்துக்கு இத்தனை’ அல்ல, நூலின் நீளம். நேற்று இவ்வளவு நீளம், இன்று இவ்வளவு என்று அதே நோயாளியோடு அவரையே ஒப்பிடும் அளவு அது. இந்த நுட்பத்தை நாம் பிறகு பெருமளவு தொலைத்துவிட்டோம் என்றே எனக்குத் தோன்றுகிறது. இங்கிலாந்தின் லிச்ஃபீல்ட் மருத்துவர் ஜான் ஃபிளாயர் 1707-இல், ஒரு நிமிடம் ஓடும் கடிகாரத்தை வைத்து நாடியை எண்ணும் முறையை நூலாகவே எழுதினார். காய்ச்சல், ரத்த இழப்பு, அதிர்ச்சி நிலை எதிலும் இன்று செவிலியர் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். அது காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கில்லை. இதயம் நின்றுபோனவரின் மார்பை அழுத்தும்போது நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் அழுத்த வேண்டும். அங்கே எண்தான் எல்லாம், நயத்துக்கு இடமில்லை.

ஆனால் எண் எதை எண்ணுகிறது என்ற கேள்வி அன்றிலிருந்தே கூட வருகிறது. மெல்சல் என்பவர் 1815-இல், சீரான இடைவெளியில் அடி தட்டும் கருவியான மெட்ரோனோமுக்குக் காப்புரிமை பெற்றார்; அதன் அடிப்படை அமைப்பு ஆம்ஸ்டர்டாமின் விங்கெல் கண்டது. பீத்தோவன் இந்தக் கருவியை ஆவலோடு வரவேற்று 1817-இல் தன் சிம்பொனிகளுக்கு எண் குறித்து வெளியிட்டார். அந்த எண்களில் பல, வாசிக்க முடியாத வேகம் என்று இருநூறு ஆண்டுகளாக இசைக்கலைஞர்கள் முறையிடுகிறார்கள். அவர் கருவி பழுது, அவர் காது பழுது என்றெல்லாம் விளக்கங்கள் வந்தன. 2020-இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் இருவர் வேறொரு காரணத்தை முன்வைத்தார்கள்: அசையும் கோலில் உள்ள எடையின் மேல் விளிம்பில் படிக்க வேண்டிய எண்ணைப் பீத்தோவன் கீழ் விளிம்பில் படித்திருக்கலாம். ஒன்பதாவது சிம்பொனியின் கையெழுத்துப் படியில் ‘108 அல்லது 120’ என்று அவரே ஐயத்தோடு எழுதி வைத்திருப்பதை அதற்குச் சான்றாகக் காட்டினார்கள். அது சரியா தவறா என்ற விவாதம் இருக்கட்டும். ஒரு மேதை தன் இசையைத் தானே எண்ணில் எழுதிவைத்த பிறகும், அந்த இசை எப்படி நடக்க வேண்டும் என்று அந்த எண்ணால் நமக்குச் சொல்ல முடியவில்லை.

கர்நாடக இசை இந்தச் சிக்கலை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. ஆதி தாளத்தை ஒரு களையில், அதாவது அடிக்கு ஒரு எண்ணிக்கையாக, போட்டால் ஓர் ஆவர்த்தனத்துக்கு எட்டு எண்ணிக்கை. இரண்டு களையில் போட்டால் பதினாறு. பாட்டு அதே பாட்டு, அது எடுத்துக்கொள்ளும் நேரமும் அதே நேரம், ஆனால் எண் இரு மடங்கு. பல்லவியில் திரிகாலம் செய்யும்போது கை போடும் தாளம் கொஞ்சமும் அசையாது. பாடகர் அதே வரியை முதலில் இருந்த வேகத்தில், பிறகு இரட்டிப்பில், பிறகு நாலு மடங்கில் பாடிக்காட்டுவார். இப்போது இந்தப் பல்லவியின் வேகம் என்ன? கையைக் கேட்டால் மாறவே இல்லை என்னும். குரலைக் கேட்டால் நாலு மடங்கு ஏறியது என்னும். இரண்டும் உண்மை. இசையின் வேகத்தைக் கண்டறியும் மென்பொருள்கள் ஒரே பாட்டுக்கு ஒருமுறை 60 என்றும் இன்னொருமுறை 120 என்றும் சொல்லித் திணறுவது இதனால்தான். அத்துறை ஆய்வாளர்களுக்கு இது நெடுநாள் தலைவலி. எதை ஒரு துடிப்பு என்று கொள்வது என்பதை யாராவது முதலில் முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவை எண் எடுக்காது, இசையைப் புரிந்துகொண்ட காதுதான் எடுக்கும்.

மருத்துவமனை மானிட்டரும் இதே தவறைச் செய்கிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். ஈசிஜி கோட்டில் இதயம் சுருங்கும்போது கூர்மையாக எழும் அலை ஒன்று, அது ஓய்வுக்குத் திரும்பும்போது எழும் தணிந்த அலை இன்னொன்று. சிலருக்கு இரண்டாவது அலையும் உயரமாக இருக்கும். கருவி இரண்டையும் துடிப்பாக எண்ணி, 70 துடிக்கும் இதயத்துக்கு 140 என்று எச்சரிக்கை மணி அடித்துவிடும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் சில துடிப்புகள் மிக முன்னதாக வந்துவிடுவதால் இதயம் நிரம்புவதற்குள் சுருங்குகிறது. அந்த ரத்த அலை மணிக்கட்டுவரை வந்து சேர்வதில்லை. மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்து எண்ணினால் 110, மணிக்கட்டில் எண்ணினால் 90 என்று வரும். பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி ரத்த ஓட்டத்தை அறியும் கைக்கடிகாரத்துக்கும் மணிக்கட்டுக்கு வந்து சேராத துடிப்பு தென்படாது. அனுபவமுள்ள செவிலியர் இத்தகைய நோயாளிக்கு மார்பில் வைத்து முழு நிமிடம் எண்ணுவது அதனால்தான். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கும் வழக்கம், சீராகத் துடிக்கும் இதயத்துக்கு மட்டுமே பொருந்தும். ஈசிஜி தாளைப் படிக்கக் கற்றுத்தரும் முறையே இதற்குச் சான்று. விநாடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடும் அந்தத் தாளில் ஒரு சிறு கட்டம் 0.04 விநாடி. மருத்துவ மாணவர் இரு அலைகளுக்கு நடுவே எத்தனை கட்டம் என்று பார்த்து, 1500-ஐ அதனால் வகுத்து வேகத்தைக் கண்டுபிடிக்கிறார். அந்தத் தாளில் முதலில் கண்ணில் படுவது இடைவெளி. எண் அதிலிருந்து பிறக்கிறது.

சீரான இதயம் என்றதும் மெட்ரோனோம்போல் துடிக்கும் இதயத்தை நினைத்துக்கொள்வது இன்னொரு பிழை. மூச்சை உள்ளிழுக்கும்போது துடிப்பு சற்று விரைகிறது, வெளிவிடும்போது சற்றுத் தணிகிறது. ஜெர்மனியின் கார்ல் லுட்விக் 1847-இலேயே இதைப் பதிவு செய்தார். இது நோய் அல்ல. மூளையும் நரம்புகளும் இதயத்தைக் கணத்துக்குக் கணம் வழிநடத்துவதன் அடையாளம். 1963-இல் ஹான், லீ என்ற இருவர், கருவில் உள்ள குழந்தை துன்பப்படும்போது அதன் துடிப்பு எண்ணிக்கை மாறுவதற்கு முன்பே இடைவெளிகளின் ஏற்ற இறக்கம் மாறுகிறது என்று கண்டார்கள். 1987-இல் கிளைகரும் அவருடன் பணியாற்றியவர்களும் மாரடைப்பிலிருந்து மீண்ட 808 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு நாள் முழுவதும் எடுத்த பதிவில் இடைவெளிகளின் ஏற்ற இறக்கம் மிகக் குறைவாக இருந்தவர்கள், அது நிறைவாக இருந்தவர்களைவிட ஐந்து மடங்குக்கும் அதிகமாக இறந்தார்கள். விறைத்துப்போன ஒழுங்கு ஆபத்தின் அறிகுறி. நிமிட எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த அறிவு நமக்குக் கிடைத்தே இருக்காது.

‘ஒழுங்கற்ற துடிப்பு ஆபத்து என்று தொடங்கினீர்கள், இப்போது ஒழுங்கு ஆபத்து என்கிறீர்களே’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் ஏற்ற இறக்கம் எக்கச்சக்கம். ஆனால் அதில் எந்த வடிவமும் இல்லை, அடுத்த துடிப்பு எப்போது என்பதை எதைக்கொண்டும் சொல்ல முடியாது. நலமான இதயத்தின் ஏற்ற இறக்கத்தில் மூச்சின் வடிவம் இருக்கிறது. ஆகவே ஏற்ற இறக்கத்தின் அளவையும் ஒற்றை எண்ணாக்கி, கூடினால் நல்லது குறைந்தால் கெட்டது என்று கைக்கடிகாரத்தில் பார்ப்பதும் போதாது. வயது, மூச்சு, உறக்கம், எடுக்கும் முறை எல்லாவற்றோடும் அந்த எண் மாறும். பக்கத்து மேசைக்காரரின் எண்ணோடு நம் எண்ணை ஒப்பிடுவதில் பொருளே இல்லை. சாந்தோரியோ செய்ததுபோல் நம்மை நம்மோடு ஒப்பிட்டால் ஏதோ தெரியும். சங்கீதத்தில் இந்த வேறுபாடு ரசிகர்களுக்கு அத்துப்படி. எடுத்த காலப்பிரமாணத்தைக் கடைசிவரை காப்பது வித்துவானின் முதல் கடமை. அந்தக் காவலுக்கு உள்ளேயே ஒரு சொல்லைச் சற்றுத் தாமதித்து விடுவதும், ஒரு சங்கதியை முந்தி எடுத்துச் சமத்தில் வந்து சேர்வதும் அழகு. தாளம் ஓடிப்போவது வேறு, தாளத்தின்மேல் சாய்ந்து நிற்பது வேறு. கர்நாடக இசைப் பாடகர் எம்.டி. ராமநாதனின் விளம்பம் நிதானம் என்று பெயர் வாங்கியது வெறும் மெதுவினால் அல்ல. அந்த மெதுவிலும் ஓர் இடைவெளிகூடக் கலையாமல் நின்றதால்தான்.

ஒலிப்பதிவுக் கூடங்களில் பணியாற்றுவோர் இதை ஏற்க மாட்டார்கள். காதில் சீராக அடி தட்டும் கிளிக் ட்ராக் இல்லாவிட்டால் ஒருவர் சென்னையிலும் ஒருவர் புடாபெஸ்டிலும் வாசித்ததை ஒன்றாகச் சேர்ப்பது எப்படி, படத்தின் காட்சியோடு இசையைப் பொருத்துவது எப்படி என்பார்கள். அவர்கள் தொழிலுக்கு அது தேவை. அதில் எனக்கு வாதம் இல்லை. நான் எதிர்ப்பது அந்தத் தேவை பாடத்திட்டமாவதை. ஸ்ருதிப் பெட்டியோடு தாளச் செயலியையும் ஓடவிட்டு, அதைத் தாண்டி ஒருநாளும் பாடிப் பார்க்காமல் வளரும் பிள்ளைக்குக் காலம் வெளியிலிருந்து வருகிறது. செயலி நின்றதும் பிள்ளையின் தாளமும் கலைகிறது. தொடை தட்டி, விரல் எண்ணி, வீச்சுப் போட்டு வளர்ந்த பிள்ளைக்கு இடைவெளி கைக்குள் இருக்கிறது. செயலியைச் சோதனைக்கு வைத்துக்கொள்ளலாம்: ஒரு வர்ணத்தை அது இல்லாமல் பாடிப் பதிவு செய்துவிட்டு, தொடங்கிய வேகத்திலேயே முடித்தோமா என்று பிறகு பார்க்கலாம். அதையே ஊன்றுகோலாகக் கொடுக்கக் கூடாது.

நிமிடத்துக்கு 60 அடி உள்ள இசையைக் கேட்டால் இதயமும் 60-க்கு இறங்கிவிடும் என்ற விளம்பரங்களும் இந்த எண் மோகத்தின் பிள்ளைகள்தான். இதயம் தாளத்தின் எண்ணைக் கேட்டு அதோடு அடியெடுத்து வைப்பதில்லை. இத்தாலியின் பெர்னார்டி குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வில், விரைவான இசை மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் துடிப்பையும் ஏற்றியது; ஆழ்ந்த தளர்வு வந்ததோ இசைக்கு நடுவே விடப்பட்ட இரண்டு நிமிட மௌனத்தில். ஸ்வீடனின் கோதன்பர்க்கில் 2013-இல் கூட்டாகப் பாடிய இளைஞர்களின் இதயங்கள் ஒன்றாக விரைந்து ஒன்றாகத் தணிந்தன; அதற்குக் காரணம் தாளத்தின் எண் அல்ல, பாட்டின் வரிகள் எல்லோரையும் ஒரே இடத்தில் மூச்செடுக்க வைத்ததே. இசைக்கும் இதயத்துக்கும் நடுவே பாலமாக இருப்பது மூச்சு. அந்த மூச்சைச் சொற்றொடரின் நீளம் அசைக்கிறது.

சித்த மருத்துவர் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் என்று பார்ப்பதும் இடைவெளியைப் படிப்பதுதானே என்று சிலர் பெருமையோடு சொல்வார்கள். வாதத்துக்கு ஒரு மாத்திரை, பித்தத்துக்கு அரை, கபத்துக்குக் கால் என்று விகிதத்தில் பேசும் அந்த மரபு, எண்ணிக்கையைவிட நடையைக் கேட்டது என்பது உண்மை. அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரே கையை இருவர் பிடித்தால் இருவரும் ஒன்றையே சொல்ல வேண்டும், சொன்னது பிறகு சரிபார்க்கப்பட வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் விரலின் கூற்றை நோயறிதலாக ஏற்க முடியாது. விரல் சந்தேகத்தை எழுப்பட்டும், ஈசிஜி தீர்ப்புச் சொல்லட்டும்.

இடைவெளியைப் படிக்கும் வேலையைக் கருவிகளே இப்போது செய்கின்றனவே என்பது கடைசி மறுப்பு. செய்கின்றன, அதுவே என் வாதத்துக்குத் துணை. 2019-இல் வெளியான ஆப்பிள் ஹார்ட் ஆய்வில் நாலு லட்சத்துக்கும் அதிகமானோர் பங்கேற்றார்கள். அவர்கள் அணிந்த கைக்கடிகாரம் எண்ணை விட்டுவிட்டு இடைவெளிகளின் ஒழுங்கின்மையைத் தேடியது. எச்சரிக்கை பெற்றவர்கள் 0.52 சதவீதம் மட்டுமே. அவர்களில் பிறகு ஈசிஜி பட்டை அணிந்து திருப்பி அனுப்பியவர்களில் மூன்றில் ஒருவருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உறுதியானது. ஆனால் அத்தகைய கடிகாரம் வாங்கக் கூடியவர்கள் பெரும்பாலும் இளையவர்கள், வசதியுள்ளவர்கள். இந்த நோய் அதிகம் தேடி வருவது முதியவர்களை. பலருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாமலே அது இருக்கும். பக்கவாதம் வந்த பிறகுதான் இருந்தது தெரியும். முன்னதாகக் கண்டுகொண்டு, தேவையானவர்களுக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் இந்த நோயால் வரும் பக்கவாதங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத் தவிர்க்கலாம். 65 வயது கடந்தவர் எதற்காக மருத்துவரிடம் வந்தாலும் நாடியின் ஒழுங்கைப் பாருங்கள் என்று ஐரோப்பிய இதயவியல் சங்கம் பரிந்துரைத்திருக்கிறது.

தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் பணியாளர்கள் வீடு தேடிப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மருந்து கொடுக்கிறார்கள். அவர்கள் கையில் உள்ள பி.பி. கருவி நாடி எண்ணையும் காட்டுகிறது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டுமாவது, அந்தக் கருவியைக் கழற்றிய பிறகு இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்து ஒரு முழு நிமிடம், எண்ணாமல், நடை ஒழுங்காக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லித்தரலாம். பணியாளர்களுக்கு ஏற்கெனவே வேலை அதிகம் என்பது மெய். அதனால்தான் எல்லோருக்கும் அல்ல, முதியவர்களுக்கு மட்டும் என்கிறேன். விரல் சில நேரம் தவறாகவும் சொல்லும். தீங்கில்லாத கூடுதல் துடிப்புகளையும் ஒழுங்கின்மை என்று எடுத்துக்கொள்ளும். அப்படிச் சந்தேகம் வந்தவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி ஓர் ஈசிஜி எடுத்தால் போதும், அங்கேயே தெளிந்துவிடும். இதற்குப் புதிய கருவி வாங்க வேண்டியதில்லை. பயிற்சி ஏட்டில் ஒரு பக்கமும், பதிவேட்டில் நாடி எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஒழுங்கு’ என்று இன்னொரு கட்டமும் சேர்த்தால் அடுத்த மாதமே தொடங்கிவிடலாம்.